முன்னால் போகிறவளின் கால்

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதூர்நாட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். குழந்தைகளிடம் அந்தக் கோபத்தைக் காட்டியதில்லை. அவர்களைப் பெற்றவர்களிடம் தாராளமாகக் காட்டியிருக்கிறேன். இப்போது சொல்லப்போவது நான் வாயடைத்துப் போன கதை. என் வாழ்நாளில் அது இரண்டு முறைதான் நடந்திருக்கிறது, இரண்டும் ஒரே வருஷத்தில்.

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் பெண்கள் வட்டமாக ஆடுவோம். முப்பது பேர் இருப்போம், சில வருஷம் நாற்பதும் ஆகும். மேளம் நடுவில் நிற்கும். ஒருத்தி முன்னால் போவாள், மற்றவர்கள் அவள் பின்னால். அவள் கால் என்ன செய்கிறதோ அதைத்தான் எல்லாக் கால்களும் செய்யவேண்டும். ஒத்திகை கிடையாது, சொல்லிக்கொடுக்கிற வழக்கமும் கிடையாது. மேளக்காரர்கூட அவள் காலைப் பார்த்துத்தான் அடிப்பார். அந்த முன்னிடத்தில் பன்னிரண்டு வருஷம் நான் இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வருஷம் முழுக்க சாமை அறுத்து, புளி உலுக்கி, ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து வாழ்கிறவள் நான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான் எனக்கே என்னைப் பிடிக்கும்.

அப்புறம் ஜீப் வந்தது. திருப்பத்தூர் மலைப்பாதையில் ஒரு வளைவு. மேலே புளி மூட்டைகள், உள்ளே நாங்கள் பதினாலு பேர். ஜீப் கவிழக்கூட இல்லை, சாய்ந்தது, அவ்வளவுதான். மற்றவர்களெல்லாம் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். என் இடது தொடைமேல் மட்டும் ஜீப்பின் ஓரம் உட்கார்ந்துகொண்டது. தகடு வைத்தார்கள், ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், பாதம் பின்னால் இழுபட்டு வரும்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொடர்ந்து மூன்று திருவிழா ஒருத்தி முன்னால் நிற்கவில்லை என்றால் இடம் கைமாறிவிடும். போனது போனதுதான், திரும்பி வராது. இரண்டு திருவிழா நான் வீட்டுக்குள் உட்கார்ந்து மேளச் சத்தம் கேட்டேன். என் இடத்தில் என் ஓரகத்தி போனாள், கொழுந்தனின் பெண்சாதி. நன்றாக ஆடினாள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். யாராவது ஒருத்தி 'சுமார்தான்' என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு படி சாமை அளந்து கொடுத்திருப்பேன். வயிறு எரிந்தது. வாய் மட்டும், "அவளே போவட்டும், எனக்கு இன்னா வந்துது?" என்றது. இந்தக் கதை தொடங்கும்போது மூன்றாவது திருவிழாவுக்கு நான்கு மாதம் இருந்தது.

மாதம் ஒருமுறை கீழே இறங்கி, திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி எடுத்துக்கொள்வேன். பயிற்சி கொடுக்கிற பெண் கணியம்பாடிக்காரி. வயதில் என்னைவிடப் பதினைந்து சின்னவள், வாயில் என்னைவிடப் பெரியவள். கணுக்காலில் மணல் பையைக் கட்டிவிட்டு, தூக்கு, இறக்கு என்று உயிரை எடுப்பாள்.

"இன்னாக்கா, வூட்ல காலைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"பொய்யி. தூக்கியிருந்தா தொடை இப்டியா கீது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தூக்கி இன்னாத்துக்கு ஆவப்போவுது? பால்வாடிக்கு நடந்து போவ இந்தக் காலு போதும். ஆடறதுக்கு எந்தக் காலும் போதாது" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்றிருந்தது. அவள் விடவில்லை, தோண்டித் தோண்டிக் கேட்டு வட்டத்தின் கதையை முழுக்க வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் நான் போனபோது மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. "வாயை மூடிகினு இத பாத்துகினே காலைத் தூக்குங்க" என்றாள்.

படத்தில் ஒரு பெரியம்மா. அமெரிக்காவில் கறுப்பினத்தில் பிறந்தவர். ஆட்டங்களை அமைக்கிறவர். சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் என்கிறோமே, அந்த மாதிரி வேலை. ஆனால் சினிமா இல்லை, பெரிய பெரிய மேடைகள். பல வருஷம் கூடவே இருந்து அவருடைய வாழ்க்கையைப் படம் எடுத்திருக்கிறார்கள். கட்டுக்கதை இல்லை, நிஜ ஆள், நிஜ வீடு. முதலில் அவர் அடுப்படியில் முட்டை உடைக்கிறார். கன்னத்தெலும்பும் நிறமும் நெற்றியும் எங்கள் பெரியத்தை மாதிரியே இருந்தது. "எங்க ஊரு ஆளா இவங்க?" என்று கேட்டே விட்டேன்.

படம் முழுக்க இங்கிலீஷ். எண்ணிக்கையோடு சேர்த்து அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். "எட்டு... சின்ன வயசுல டான்ஸ் ஸ்கூல்ல இவங்கள உள்ளயே விடலக்கா, வெள்ளக்காரப் புள்ளைங்களுக்கு மட்டுந்தான்... ஒம்போது... காலை எறக்காதீங்க... ஒரே ஒரு டீச்சரு மட்டும் எல்லாரும் போனப்பறம் கதவ சாத்திகினு சொல்லிக்குடுத்தாங்களாம்... பத்து." தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அந்த டீச்சர் விளக்குக்கூடப் போட மாட்டாராம். சுவர் நிறையக் கண்ணாடி இருந்தும், தன் உருவத்தை ஒரு நாளும் அதில் சரியாகப் பார்க்காமலே அந்தப் பெண் ஐந்து வருஷம் கற்றிருக்கிறார்.

பெரியவளானதும் ஒரு மூடிப்போன டயர் கடையை வாடகைக்குப் பிடித்துத் தன் குழுவை ஆரம்பித்தாராம். அந்தக் காலத்து கறுப்பு வெள்ளைப் படம் கொஞ்சம் காட்டினார்கள். எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தி குனிகிறாள், எதையோ பறிக்கிறாள், முதுகை நிமிர்த்தாமலே அடுத்த செடிக்கு நகர்கிறாள். இன்னொருத்தி கைக்குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றுகிறாள். குழந்தை இல்லை, செடியும் இல்லை, இருந்தாலும் இரண்டும் எனக்குத் தெரிந்தன. என் காலைத் தூக்க மறந்துபோனேன். சாமை அறுக்கும்போது என் முதுகு எப்படி வளைகிறது என்று நானே பார்த்ததில்லை. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா அதைப் பார்த்து, அதிலும் அழகு இருக்கிறது என்று கண்டுபிடித்து, மேடையில் நிற்க வைத்திருக்கிறார்! இது வேலை, இதெல்லாம் ஆட்டமா என்று பேப்பர்காரர்கள் எழுதினார்களாம். அவர்கள் வாயில் மண்ணைப் போட.

ஒரு பெரிய அரங்கம் வந்தது. அந்த மேடையில் அதுவரை கறுப்பினத்தார் தரை பெருக்க மட்டும்தான் ஏறியிருந்தார்களாம். ஆட்டம் அமைத்துத் தானும் ஆட முதன்முதலில் ஏறியவர் இவர். எப்படி ஏறினார் தெரியுமா? கையில் துடைப்பத்தோடு. அந்த மேடையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பெருக்கிக்கொண்டே ஆடினார். கீழே கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை. பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு அவர் நிமிர்ந்து நின்ற நிற்பு இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கணியம்பாடிக்காரி எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாயடைத்துப் போன முதல் முறை அதுதான்.

படத்தின் கடைசிப் பகுதியில் அவருக்கு வயதாகிவிட்டது. இடுப்பில் இரண்டு ஆபரேஷன். ஒத்திகைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, பதினைந்து பேரை ஆட வைக்கிறார். ஏதோ ஒரு அடி அவர் மனசுக்குச் சரியாக வரவில்லை. எழுந்தார். கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு அவரே முன்னால் நின்று ஆடிக் காட்டினார். வலது கால் இழுபட்டது, இடுப்பு இறங்கி ஏறியது. அவர் ஏதோ இங்கிலீஷில் சொல்ல, பிள்ளைகள் பின்னாலேயே ஆடினார்கள், அம்பு மாதிரி நேராக. அவர் என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கணியம்பாடிக்காரி படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கையில் திணித்து அனுப்பினாள்.

எங்கள் அங்கன்வாடியில் ஒரு டிவி உண்டு. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு அதில் போட்டுப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். சத்துமாவு வாங்க வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள், பிறகு உள்ளே வந்து நின்றார்கள், பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் ஓரகத்தியும் வந்தாள். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். துடைப்பம் வந்ததும் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தினமும் மத்தியானம் இதே வேலையாகிவிட்டது.

ஒரு நாள் நான் பின்கட்டில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் முற்றத்தில் ஐந்து பேர் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி முன்னால். ஐந்து பேரும் நொண்டினார்கள். காலை இழுத்து, இடுப்பை இறக்கி, ஏற்றி, மறுபடி இழுத்து. எனக்குக் கண் இருட்டிவிட்டது. கையில் இருந்த கரண்டியை முற்றத்தில் விட்டெறிந்தேன்.

"யார பாத்து நொண்டிக் காட்டறீங்க? கால் போனவள கிண்டல் பண்ண என் பால்வாடிதான் கெடைச்சுதா?"

ஓரகத்தி நின்றாள். பயப்படவில்லை, முறைத்தாள். "உன்ன யாரு பாத்தா? உனக்கு பீச்சாங்காலு. நாங்க சோத்தாங்கால இல்ல இழுக்கறோம்? டிவில அந்தம்மா ஆடற ஆட்டம்க்கா இது."

பார்த்தேன். வலது கால்தான். கொஞ்சம் அசடு வழிந்தது, ஆனாலும் இறங்கி வர மனசில்லை. "அறிவு கீதா உங்களுக்கு? அது ஆட்டம் இல்லடி. அந்தம்மாவுக்கு இடுப்பு போச்சு, அதனால காலு அப்டி வருது. பின்னால புள்ளைங்க எவ்ளோ நேரா ஆடுதுங்க, பாக்கல?"

"பாத்தோம். அதுங்க தப்பா ஆடுதுங்க" என்றாள்.

"இன்னாது?"

"முன்னால போறவங்க ஒரு மாதிரி போறாங்க, பின்னால வர்றதுங்க வேற மாதிரி வருதுங்க. நம்மூர்ல அப்டி ஆடினா மேளத்த நிறுத்திட மாட்டாங்களா? அவ்ளோ பெரிய அம்மா தடிய வெச்சிட்டு எழுந்து வந்து ஆடிக் காட்டறாங்க. அவங்க காலப் பாக்காம இதுங்க எங்கயோ பாத்துகினு ஆடுதுங்க. எனக்கு அதப் பாத்தா ஆத்திரமா வருதுக்கா."

மற்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி சொன்னாள்: "ஒரு வருசம் ஆட்டத்துல உனக்கு முள்ளு குத்தி ஒத்தக் கால்ல துள்ளினியே, நாங்க முப்பது பேரும் துள்ளலியா? ஆட்டம் முடிஞ்சப்புறம்தான முள்ளுன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. சிரிக்கக் கூடாது என்று எல்லோரையும் விரட்டி அனுப்பினேன். பிறகு டிவியில் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, கணியம்பாடிக்காரிக்குப் போன் போட்டு, போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இங்க இன்னா சொல்றாங்க, சொல்லு" என்றேன்.

அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு சொன்னாள்: "என் காலைப் பாக்காதீங்க, அது பொய் சொல்லுது. நான் வாயால சொல்றத கேட்டு ஆடுங்கன்றாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அந்தத் துடைப்பத்தோடு ஏறியவர், அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றவர், அவருக்கும் இந்த வெட்கம் இருந்திருக்கிறது. என் வெட்கம் மாதிரியே. ஆனால் அவர் வீட்டுக்குள் உட்காரவில்லை. வெட்கத்தோடேயே எழுந்து, கேமரா பார்க்கப் பார்க்க, வராத காலால் ஆடிக் காட்டினார். படம் முடியும்போது ஒரு வரி எழுத்து வரும். படம் வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்று அதில் எழுதியிருப்பதாகக் கணியம்பாடிக்காரி முன்பே சொல்லியிருந்தாள். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. பிள்ளைகள் எழுந்திருக்கும்வரை அழுதேன்.

திருவிழா வந்தது. வெயில் தாழ்ந்ததும் மேளம் கூப்பிட ஆரம்பித்தது. நான் புடவையை மாற்றிக்கொண்டு, கட்டில்மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்தா இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"தூக்கறதுக்கு ஊரே கீது. என்னக் கூப்புடாத, எனக்கு முதுகு வலி" என்றார்.

அந்தக் கோபத்திலேயே எழுந்து நடந்துவிட்டேன். கோயில் முன்னால் வட்டம் கட்டி நின்றிருந்தார்கள். ஓரகத்தி முன்னிடத்தில் இருந்தாள், புதுப்புடவை, தலை நிறையப் பூ. மூன்றாவது திருவிழா. மேளம் மட்டும் அடிக்க ஆரம்பித்துவிட்டால் அந்த இடம் அவளுக்கே என்று ஆகிவிடும். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. என்னைப் பார்த்தாள். மூஞ்சி கொஞ்சம் வாடியது, பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

"வர்றதுக்கு இவ்ளோ நேரமாக்கா?" என்றாள்.

முன்னால் நின்றேன். நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சின்னச் சின்ன அடியாக வைப்பது, இழுபடுவதைப் புடவைக் கொசுவத்துக்குள் மறைப்பது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேராகப் போவது. மேளம் எடுத்தது. முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியிலேயே திட்டம் போய்விட்டது. கால் தன் குணத்தைக் காட்டியது. இடுப்பு இறங்கியது, பாதம் மண்ணைச் சீய்த்துக்கொண்டு வந்தது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முப்பது பாதங்கள் ஒன்றாக மண்ணைச் சீய்க்கிற சத்தம். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால் வட்டம் வளைந்துதானே ஆகவேண்டும்? வளைந்தபோது எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டது. வயசான பெண்கள், நேற்றுக் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, எல்லோருக்கும் இடது இடுப்பு இறங்கியது. எல்லோருக்கும் இடது கால் இழுபட்டது. ஒருத்தி முகத்திலும் கிண்டல் இல்லை, பரிதாபமும் இல்லை. ஆட்டத்தில் இருக்கிறவர்களின் முகம்தான் இருந்தது. பரிதாபம் தெரிந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். மேளக்காரர் என் காலைப் பார்த்தார், ஒரு அடியை நீட்டினார். இழுபடுகிற பாதம் வந்து சேரும்வரை மேளம் காத்திருந்து, சேர்ந்ததும் விழுந்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் அப்படி ஒரு தாளத்தை யாரும் கேட்டதில்லை. மூன்று வருஷமாக நான் மறைத்துக்கொண்டு திரிந்த அந்த நொண்டல் முப்பது உடம்பில் ஏறி என் கண்முன்னால் வட்டமாகச் சுற்றி வந்தது. அம்மா தாயே, அது அவ்வளவு அழகாக இருந்தது.

பாதியில் நிறுத்தவே இல்லை. மேளம் ஓயும்வரை போனோம். முடிந்ததும் அங்கங்கே மண்ணில் பொத் பொத்தென்று உட்கார்ந்தார்கள். எனக்கு யாரிடமும் பேச வாய் வரவில்லை, இது இரண்டாம் முறை. ஓரகத்தி என் பக்கத்தில் வந்து விழுந்தாள். வேர்த்து ஊற்றியது, பூவெல்லாம் சரிந்திருந்தது. இடது இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, இடுப்பு இந்த வலி வலிக்குது" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள், நேராக என் முகத்தைப் பார்த்தாள். "தெனமும் உனக்கு இப்டிதான் வலிக்குதா?"

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஆமாண்டி" என்றேன்.